சிக்னலில் தூங்கியவளுக்கு

அன்புள்ள சின்ன மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீ நலமா என்று கேட்க வேண்டிய இடத்தை இம்முறை காலியாக விட்டிருக்கிறேன். கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், நான் அதை நம்பப் போவதில்லை, இருவருக்கும் எதற்கு வீண் சிரமம். உன் அம்மா உன் அக்காவின் வீட்டுக்குப் போய் ஏழு மாதம் முடிந்துவிட்டது. இரட்டைக் குழந்தைகள் இரண்டும் முறை வைத்து அழுதுகொண்டிருப்பதால் அவள் திரும்பும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எனக்குத் தூக்கம் சரியில்லை என்று ஒரு வார்த்தை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "இங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி என்னைக் கண்ணை மூட விடமாட்டேங்கறாங்க, அங்க ஆளில்லாத வீட்டுல உங்களுக்குத் தூக்கம் வரலையா, நல்லா இருக்கே கதை" என்று சிரித்தாள். ஆளில்லாத வீடு என்பதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மாடியில் குடியிருந்த பல் மருத்துவர் குடும்பமும் போன மாதம் காலி செய்துவிட்டது. காலை நாலு மணிக்குப் பழக்கதோஷத்தில் விழிப்பு வந்துவிடுகிறது, சமையலறையில் விளக்கைப் போட்டு அதே மேசையில் உட்காருகிறேன். முன்பெல்லாம் சத்தம் வராமல் இருக்க நாற்காலியைத் தூக்கி வைப்பேன். இப்போது இழுத்தே போடுகிறேன். யாரையாவது எழுப்பிவிடுவோமோ என்று பயப்படுவதற்கு வீட்டில் யாருமில்லை.

உன் நாவலின் பிரதி பத்திரமாக வந்து சேர்ந்தது. பதினான்கு அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். ஒவ்வொன்றின் கீழும் தேதியும் நேரமும் குறித்திருக்கிறாய். குடிநீர் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு மாதிரிக் குப்பியின் மேலும் எடுத்த நேரத்தை எழுதுவது என் தொழில். அந்த வழக்கத்தை உன் வீட்டுப்பாட நோட்டில் கொண்டுவந்து சேர்த்தவனும் நான்தான். ஆகவே ஆய்வுக்கூடத்தில் செய்வதையே இங்கும் செய்தேன். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் எழுதிய நேரத்தையும் வலப்பக்கம் பிழைகளையும் வரிசையாகக் குறித்தேன். ஐந்து அத்தியாயங்கள் விடுமுறை நாட்களில், பகலில் எழுதப்பட்டவை. அவற்றில் என் பென்சிலுக்கு வேலையே இல்லை. மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் ஜன்னலோரம் நின்றேன், அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். மற்ற ஒன்பதும் நள்ளிரவு ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் எழுதப்பட்டவை. ஒரே மழை மூன்று முறை அதே சொற்களில் பெய்கிறது. ஆறாம் அத்தியாயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அத்தை பதினோராம் அத்தியாயத்தில் கதவைத் திறந்து "சாப்பிட்டியாடா?" என்று கேட்கிறாள், கதாநாயகனும் "ஆச்சு அத்தை" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுகிறான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு பகலில் நீ பார்க்கும் வேலை நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. தூக்கக் கலக்கத்தில் நீ எழுதியதால் நாவலில் செத்தவள் பிழைத்துக்கொண்டாள். மருத்துவமனை மருந்துக்கூடத்தில் அதே கலக்கத்தோடு மாத்திரை எடுத்துக் கொடுத்தால் நடக்கக்கூடியது இதற்கு நேர்மாறானது.

இதை மெதுவாக, மனம் நோகாமல் உனக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் மாப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். "மாமா, நான் சொன்னேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தார். அந்த வாக்கை நான் இப்போது மீறுகிறேன், அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன், நீ அவரை ஒன்றும் சொல்லக் கூடாது. சென்ற மாதம் உன் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்ததற்குக் குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாய். உன் அம்மா அதை நம்பி, வழுக்காத மிதியடி வாங்கச் சொல்லி மூன்று வாரமாக உன்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். குழந்தையைக் காப்பகத்தில் விடப் போகும் வழியில், சிவப்பு விளக்கில் நின்றிருந்த காரில், பட்டப்பகலில், நீ தூங்கிப்போனாய். பிரேக்கிலிருந்து கால் நழுவி வண்டி உருண்டு போய் விளக்குக் கம்பத்தில் இடித்தது. பின்னிருக்கையில் இருந்தவளுக்குத் தன் பல்லே உதட்டில் குத்தி ரத்தம் வந்தது. அன்று காப்பகத்து ஆசிரியை உதட்டில் என்ன காயம் என்று கேட்டதற்கு நம் வாலு பெருமையாகச் சொன்னாளாம், "அம்மா சிக்னல்ல தூங்கிட்டாங்க, நான்தான் எழுப்பினேன்." அவளுக்கு வயது நாலு. உன்னை எழுப்பும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்திருக்கிறாய். நான் இதுவரை உன்னிடம் குரல் உயர்த்தியவன் அல்லன், இந்தக் கடிதத்திலும் உயர்த்தவில்லை. ஆனால் இதைவிடக் கோபமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மாப்பிள்ளை பேசிய அன்று மாலையே உன்னை அழைத்தேன். விபத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று மட்டும் கேட்டேன். "மூணு, மூணரை வரும்ப்பா. போதும், பழகிடுச்சு" என்றாய். போதாது என்றேன். "நீங்களா சொல்றீங்க? பன்னெண்டு வருஷம் நாலு மணிக்கு எழுந்து எழுதினவர்தானே நீங்க? உங்களைப் பார்த்துத்தான் நான் கத்துக்கிட்டேன்" என்று சிரித்தாய். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. மறுநாள் விடுப்பு எடுத்துப் பரணிலிருந்து அந்த நோட்டுப் புத்தகங்களை இறக்கினேன். குடிநீரைப் பற்றிச் சாதாரண மனிதர்கள் படிக்கும்படி ஒரு நூல் எழுதுவது என் ஆசை என்பது உனக்குத் தெரியும். மொத்தம் இருபத்தேழு நோட்டுகள். நூல் ஏன் வெளிவரவில்லை என்று நீயோ அக்காவோ ஒருமுறைகூடக் கேட்டதில்லை, அப்பாவுக்குத் திருப்தி வரவில்லை போலும் என்று நினைத்திருப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியதைத் திருப்பிப் படிக்க எனக்கு நேரம் இருந்ததில்லை. கிடைத்த இரண்டு மணி நேரத்தில் படித்துக்கொண்டிருந்தால் எழுதுவது எப்போது என்று மேலே மேலே எழுதிக்கொண்டே போனேன். இப்போதுதான் முதன்முறையாக, மூன்று நாள் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். "ஒரு குவளைத் தண்ணீர் உங்கள் கைக்கு வந்து சேரும் முன்" என்று தொடங்கும் முதல் அத்தியாயத்தை முப்பத்தொரு முறை எழுதியிருக்கிறேன். திருத்தி எழுதவில்லை. முன்பே எழுதியது நினைவில்லாமல், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதாக நினைத்து எழுதியிருக்கிறேன். பல பக்கங்களில் வாக்கியம் பாதியில் நின்று, பேனா கீழ்நோக்கி இழுத்த கோடு பக்கத்தின் ஓரம் வரை போயிருக்கிறது. அங்கே நான் தூங்கியிருக்கிறேன். வடிகட்டும் மணல் படுகைகளைப் பற்றிய ஒரு பத்தியின் நடுவே "சின்னவளுக்குச் செருப்பு சின்னதாகிவிட்டது அவள் வரிசையில் நிற்கிறாள் வால்வை மூடச் சொல்லுங்கள்" என்று என் கையெழுத்தில், மிக நேர்த்தியாக, எழுதப்பட்டிருக்கிறது. கனவைப் பிரதி எடுத்திருக்கிறேன். அத்தனை நோட்டிலும் படிக்கத் தகுந்தவை நாற்பது பக்கங்கள். தேதியைப் பார்த்தேன். மஞ்சள் காமாலை வந்து ஆறு வாரம் வீட்டில் கிடந்தேனே, அப்போது எழுதியவை. இரவு ஒன்பது மணி நேரம் தூங்கி, காலை பத்து மணிக்கு ஒரே ஒரு மணி நேரம் எழுதுவேன், அதற்குமேல் உடம்பில் தெம்பு இருக்காது. பன்னிரண்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த நூல் அந்த ஆறு வாரங்களில் கிடைத்ததுதான். ஆய்வுக்கூடத்தில் எனக்கு 'கொட்டாவி சார்' என்று பெயர், உனக்கு அதுவும் தெரியாது.

இனி மூன்றாம் அத்தியாயம். எட்டு வயதுப் பெண் பள்ளி வாசலில் காவலாளியோடு இருட்டும்வரை காத்திருக்கிறாள், வழியில் பேருந்து பழுதாகிவிட்டதால் அவளுடைய அப்பா அவ்வளவு தூரத்தையும் ஓடியே வந்து மூச்சு வாங்க நிற்கிறார். நாவலிலேயே சிறந்த பகுதி அதுதான். நீ அதை மாற்றாமல் எழுதியிருக்கிறாய், நான் உனக்குச் சொன்னது எப்படியோ அப்படியே. ஓடி வந்தது உண்மை. பேருந்து பழுதாகவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன், உன் பள்ளி நிறுத்தம் போய், ஊர் எல்லை போய், பணிமனைக்குள்ளேயே வண்டி போய்விட்டது. நடத்துநர் தோளைத் தட்டி, "சார், வண்டியைக் கழுவப் போறோம், உங்களையும் சேர்த்துக் கழுவணுமா?" என்றார். நேரத்தைப் பார்த்தேன், ஆறரை. நாலரைக்கே உன்னை அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நீ அழாமல் நின்றிருந்தாய், என்னைப் பார்த்ததும், "பஸ் கெட்டுப்போச்சா அப்பா?" என்று நீயேதான் கேட்டாய். ஆமாம் என்றேன். எனக்கு அவ்வளவு வசதியான பொய்யைக் கொடுத்தவள் நீ. உன் அம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் என் கன்னத்தில் பதிந்திருந்த ஜன்னல் கம்பியின் தடத்தைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து உன்னை அழைக்க அவளே வந்தாள். அதற்காகக் கணக்கியல் மாலை வகுப்பை, பட்டயத் தேர்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது, நிறுத்திக்கொண்டாள். அம்மாவுக்குப் படிப்பில் நாட்டம் போய்விட்டது என்று நீங்கள் இருவரும் கேலி செய்வீர்கள், நானும் கூடச் சிரித்திருக்கிறேன். அந்த அத்தியாயத்தை மாற்று என்று நான் சொல்லவில்லை, அது உன் நாவல். ஆனால் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று இனி யாரிடமும் சொல்லாதே. நீ பார்த்தது விளக்கு எரிந்த சமையலறையை மட்டும்தான்.

எழுதாதே என்று உனக்கு நான் எப்படிச் சொல்வேன்? பகலில் எழுதிய அந்த ஐந்து அத்தியாயங்களைப் படித்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை தான் குழந்தையை வெளியே அழைத்துப் போவதாகவும், நீ கதவைச் சாத்திக்கொண்டு எழுதலாம் என்றும் மாப்பிள்ளை மூன்று முறை சொல்லியிருக்கிறார், "வாரத்துக்கு நாலு மணி நேரத்துல யாராவது நாவல் எழுதுவாங்களா?" என்று நீ மறுத்துவிட்டாயாம். எழுதுவார்கள். முந்தைய இரவு தூங்கியிருந்தால் எழுதுவார்கள். அந்த நாலு மணி நேரத்தை வாங்கிக்கொள். இரவு பதினொன்றுக்கு மேல் நேரம் குறித்த எந்தப் பக்கம் எனக்கு வந்தாலும் படிக்காமல் திருப்பி அனுப்புவேன். நாவல் இந்த ஆண்டு முடியாது, அடுத்த ஆண்டும் முடியாமல் போகலாம், போகட்டும். இவை அறிவுரைகள், கேட்பதும் விடுவதும் உன் விருப்பம். அடுத்தது அப்படியன்று. கார்ச் சாவியை இன்றே மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. தொடர்ந்து ஒரு மாதம் ஏழு மணி நேரம் தூங்கினாய் என்று அவர் என்னிடம் சொல்லும்வரை குழந்தை உட்கார்ந்திருக்கும் எந்த வண்டியையும் நீ ஓட்டக் கூடாது. காப்பகத்துக்குப் பேருந்தில் போங்கள். வேலைக்குத் தாமதமானால் ஆகட்டும். நான் அங்கே வந்து இருக்கட்டுமா என்று சென்ற ஆண்டு கேட்டதற்கு, "வீடு ரொம்பச் சின்னதுப்பா, உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாய். மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை, இப்போதும் கேட்கவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன், எனக்கு நூற்றுப் பன்னிரண்டு நாள் விடுப்பு சேர்ந்து கிடக்கிறது, கூடத்தில் படுத்துக்கொள்வேன், காப்பகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் வருவேன். போகும்போதும் வரும்போதும் தூங்க மாட்டேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். வாலுவின் உதடு ஆறிவிட்டதா என்று மாப்பிள்ளையை எழுதச் சொல். குளியலறை மிதியடி விஷயத்தில் அம்மாவிடம் உண்மையை நீயே சொல்லிவிடு, என் வாயிலிருந்து வர வேண்டாம். பேருந்து விஷயத்தை நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன், அவளுக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை என்றாலும். கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும், உடனே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதத் தோன்றும், வீடு அடங்கிய பிறகு எழுதலாம் என்று காத்திருப்பாய். எழுதாதே. விளக்கை அணைத்துவிட்டுப் படு. தூங்கி எழுந்த பிறகும் அந்தக் கோபம் மிச்சமிருந்தால் அப்போது எழுது, எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஒரு சொல் விடாமல் படிப்பேன். எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை, வேறு யாருடைய கடிதத்தையும் நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

என்றும் உன் நலம் விரும்பும்,
அப்பா