மேல்தட்டுக் குப்பிகள்

சிதம்பரம்
9.1.2012

அன்புள்ள ஸ்வர்ணலதா அம்மாவுக்கு,

ஆய்வகத்து சபாபதி எழுதுவது. வளைகாப்பு முடிந்து உங்களைப் பொள்ளாச்சிக்கு ரயிலேற்றிவிட்ட பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. கார்த்திகையில் குழந்தையைப் பற்றிய அந்தச் செய்தி வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

இப்போது எழுதியே ஆக வேண்டியிருக்கிறது. புயலை டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவில் விழுந்த மரங்களை வெட்டி வழி விடவே இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலை ஆய்வகத்துக்கு ஓடினேன். கரண்ட் இல்லை. ஃப்ரீசரைத் திறந்தால், உங்கள் ஆய்வுக்கு எடுத்து வைத்த கோழி ரத்தக் குப்பிகளில் கீழ்த்தட்டு மட்டும் கட்டியாக இருந்தது. மேல்தட்டு முழுக்க உருகிவிட்டது.

கட்டியாக இருந்தவற்றை மீன் பெட்டியில் ஐஸும் கல்லுப்பும் போட்டு, கரண்ட் இருந்த சீர்காழிக்கு எடுத்துப்போனேன். ஐஸ்கிரீம் கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். விஷயத்தைச் சொன்னதும் குச்சி ஐஸை ஓரம் தள்ளி இடம் கொடுத்தார். அவை பத்திரம்.

உருகியவை, கோழிகள் முட்டையிடத் தொடங்குவதற்கு முன் எடுத்தவை. முட்டைக்குத் தயாராகும்போது கோழி ரத்தத்தில் புரதம் ஏறும், பிறகு அது முட்டைக்குள் போய்விடும் என்பீர்களே. அந்த ஏற்றத்தைக் காட்ட அவை மட்டும்தான் இருந்தன. "திரும்ப உறைய வச்சிடுங்க, யாருக்குத் தெரியப்போவுது" என்றார் ஆய்வகத்தில் ஒருவர். கெட்ட ரத்தம் பொய் சொல்லும். உங்கள் பெயரில் அது வேண்டாம் என்று தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று மேல்பட்டாம்பாக்கம் போனேன். மலர்க்கொடியின் பண்ணையில் கூரைத் தகடு பறந்து, நீங்கள் ரத்தம் எடுத்த கோழிகள் பாதிக்கு மேல் செத்துவிட்டன. புதிதாக வளர்த்த நாற்பது இளங்கோழிகளை வீட்டுக்குள் அடைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். குப்பிகள் உருகியதைச் சொன்னேன். "இதுங்க இன்னும் முட்டை வைக்கல அண்ணே. கொண்டை இப்பதான் செவக்குது. அவுங்கள வரச் சொல்லுங்க, மொதல்லேருந்து எடுக்கட்டும்" என்றாள். பிறகு மெதுவாக, "ஒழுங்கா சாப்புடுறாங்களா?" என்று கேட்டாள். எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

மூன்று வாரத்தில் அவை முட்டை வைத்துவிடும். அவசரப்படுத்துவதாக நினைக்காதீர்கள். வர முடியாவிட்டால் எப்படிச் செய்வது என்று எழுதுங்கள், நானே எடுத்து வைக்கிறேன்.

எங்கள் மூத்தது தங்காமல் போனபோது என் மனைவி பட்டம்மாள் நான்கு மாதம் வாசற்படி இறங்கவில்லை. ஒருநாள் தானாகவே கீரை வாங்க இறங்கினாள். இதை நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் எப்போது வந்தாலும் ரயிலடியில் தானே வந்து நிற்பதாகப் பட்டம்மாள் சொல்லச் சொன்னாள். எந்த நாள் என்று மட்டும் ஒரு வரி போடுங்கள் அம்மா. உங்கள் உடம்பும் மனசும் தேற வேண்டும் என்று தினமும் சந்நிதியில் நிற்கிறோம்.

இப்படிக்கு,
சபாபதி