கையெழுத்துக்கு மேல் ஓர் உறுதிமொழி

மிசூலா, மொன்டானா
6 மார்ச் 1994

அன்புள்ள வெர்ன்,

முட்டி வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குதிரைகளின் காலைத் தூக்கி லாடம் அடிக்கிறாய், உன் காலை யார் பார்ப்பது? நான் பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டு நலமாகத்தான் இருக்கிறேன்.

வரித்துறையிலிருந்து உனக்குக் கடைசி எச்சரிக்கை வந்திருப்பதாக உன் தங்கை சொன்னாள். ஏப்ரல் பதினைந்துக்குள் நீ கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் பட்டறைமேல் கை வைப்பார்களாம். பிரிந்திருந்தாலும் சட்டப்படி நாம் இன்னும் கணவன் மனைவிதான். ஒரே தாளில் சேர்ந்து தாக்கல் செய்தால் வரி குறையும். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இந்த முறை தாளில் எதையும் கோடு போட்டு அடிக்காதே. போன முறை சேர்ந்து தாக்கல் செய்தபோது நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, அதற்கு மேலே இருந்த ‘பொய் என்றால் தண்டனைக்கு உட்படுகிறேன்’ என்ற உறுதிமொழியை ஸ்கேல் வைத்து அடித்து அனுப்பினாய். உறுதிமொழி இல்லாத தாள் செல்லாது என்று அபராதம் இரண்டு பேருக்கும் வந்தது, என் சம்பளத்தில் பிடித்தார்கள். நான் வீட்டை விட்டு வந்தது பணத்துக்காக இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த உறுதிமொழியை அடித்தாயே, அதற்காக.

கூட வேலை செய்யும் ரூத் சொல்கிறாள்: “உன் வீட்டுக்காரருக்கு அரசியல் சட்டம் பூரா மனப்பாடம்டீ. உன் பிறந்தநாள் மட்டும்தான் ஞாபகம் வராது.”

அன்புடன்,
கார்லா

டார்பி
15 மார்ச் 1994

அன்புள்ள கார்லா,

உன் பிறந்தநாள் ஆகஸ்ட் இரண்டு. ரூத்திடம் சொல்.

எனக்குக் காசு பெரிதில்லை என்று உனக்குத் தெரியும். மாவட்டத்துக்கு நிலவரியை முதல் ஆளாகப் போய்க் கட்டுகிறேன். கவுன்ட்டர் பெண் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “வந்துட்டாரு பாருங்க, வரி கட்டாத மனுஷன் வரி கட்ட!” என்கிறாள்.

கூட்டாட்சி வருமான வரிதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அந்த வரிக்கு வழி செய்த அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்த மாநிலங்களில் ஒன்று நிறுத்தக்குறியை மாற்றியது, இன்னொன்று சொல்லையே மாற்றியது. எல்லாம் ஒன்றுதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். நீதிபதிகள் இந்த வாதத்தைத் தள்ளிவிட்டார்கள், தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: உழைப்பைக் கொடுத்துக் கூலி வாங்கினால் அதில் லாபம் எங்கே வந்தது? எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வேண்டாம் என்று ஐந்தாவது திருத்தம் சொல்லும்போது, அந்தத் தாளில் நான் ஏன் சத்தியம் செய்ய வேண்டும்?

உன்னோடு சேர்ந்து தாக்கல் செய்ய மாட்டேன். வற்புறுத்தாதே.

ஹக்கிள்பெர்ரி ஜாம் ஒரு பாட்டில் அனுப்புகிறேன். நீ செய்வது போல் வரவில்லை.

வெர்ன்

மிசூலா
24 மார்ச் 1994

வெர்ன்,

உனக்குக் கூலி கைக்கு வருகிறது. அதனால் கொள்கை வைத்துக்கொள்ள முடிகிறது. என் சம்பளம் கைக்கு வரும் முன்பே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். எனக்கும் ரூத்துக்கும் எந்தத் திருத்தத்தைப் பற்றியும் யோசிக்க வாய்ப்பே இல்லை.

இந்த வரி நியாயம் என்று நானும் சொல்லவில்லை. பள்ளிக் குழுவில் இருக்கும் பண்ணைக்காரர் புது டிரக்கில் சாய்ந்துகொண்டு, “இந்த வருஷமும் நஷ்டம்னு காட்டியாச்சு” என்கிறார். அவரைவிட நான் அதிகம் கட்டுகிறேன். ஆனால் அவர் கட்டாததும் நீ கட்டாததும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

என்னோடு ஒரு தாளில்கூடச் சேர மாட்டாய் என்றால் விவாகரத்துக் காகிதத்தை அனுப்பு. அதையாவது எதையும் அடிக்காமல் அனுப்பு.

ஜாமில் சர்க்கரை போதவில்லை.

கார்லா

டார்பி
9 ஏப்ரல் 1994

என் கார்லாவுக்கு,

இத்துடன் இருப்பது விவாகரத்துக் காகிதம் இல்லை. என் கணக்குத் தாள். நீயே தபாலில் சேர்த்துவிடு. வரித்துறை முகவரி எழுதிய உறையோடு நான் தபால் பெட்டிவரை போய்ப் போய்த் திரும்பிவிடுகிறேன்.

அந்தத் திருத்தம் செல்லாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கூலி கைக்கு வருவதைப் பற்றி நீ எழுதியது சரி. லாடம் அடிக்கும்போது குதிரையிடம்கூட வாதாடிப் பார்த்தேன்.

‘மணமானவர், தனியாகத் தாக்கல்’ என்ற கட்டத்தில் குறித்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. சேர்ந்து போட்டால் என் கணக்கில் எது தப்பானாலும் முழுப் பாக்கிக்கும் உன்னையும் பிடிப்பார்கள். உனக்குத் திரும்ப வர வேண்டிய பணத்தையும் என் பழைய பாக்கிக்கு எடுத்துக்கொள்வார்கள். உன் சம்பளத்தில் ஒருமுறை பிடித்தது போதும். அதைப் போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

இந்த வீட்டில் நீ இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை.

உன்
வெர்ன்

மிசூலா
14 ஏப்ரல் 1994

அன்புள்ள வெர்ன்,

தாளைப் பிரித்ததும் கையெழுத்துக்கு மேலேதான் பார்த்தேன். அடிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தபோது, அந்த உறுதிமொழியின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு அழித்த தடம் தெரிந்தது. உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்து அழுதுவிட்டேன். ரூத் எட்டிப் பார்த்து, “பரவாயில்லையே, மனுஷன் ரப்பர்கூட வச்சிருக்காரே!” என்றாள்.

இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது என்னிடம் இருக்கிறது.

சனிக்கிழமை பெட்டியோடு வருகிறேன். என்னை அழைத்துப்போக வண்டியைத் துடைத்துவிட்டுக் கொண்டுவா. கொஞ்சம் சர்க்கரையும் வாங்கி வை.

அடுத்த வருஷம் நமக்கு ஒரே தாள்தான். என்னைப் பிடித்தால் பிடிக்கட்டும். ஆனால் முதலில் நீ கையெழுத்துப் போடு. நான் பார்த்துவிட்டு அப்புறம் போடுகிறேன்.

உன்
கார்லா