கறுப்புக் களிசான் போட்டவன்

அளம்பில்
22.08.1998, சனி

அன்பு மகன் றொமேசுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ சம்பியனான அன்று போட்டுச் சண்டை பிடித்து, ஞாபகத்துக்கு வைத்திருங்கோ என்று ஹொலண்டிலிருந்து அனுப்பிய சிவப்புக் கட்டைக் களிசானை நான் ஒரு வருடமாக இடுப்புச் சாரத்துக்குள் போட்டுத் திரிகிறேன். கரைவலை இழுக்க அதைப்போல ஒரு சாமான் இல்லை. பக்கம் கிழிந்த இடத்துக்கு அம்மா மா மூட்டைத் துணியில் ஒட்டுப் போட்டிருக்கிறா, பின்பக்கத்தில் உன் பெயர் மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. மற்றப்படி மாதா புண்ணியத்தில் நான், அம்மா, தங்கச்சி ஜெயரூபினி மூன்று பேரும் சுகம், அம்மாவுக்கு ஒரு பல் போய்விட்டது, வாய் குறையவில்லை. சூடை மீன் நல்லாய்ப் படுகிறது, ஐஸ் இல்லாதபடியால் பாதி கருவாடுதான். உன் சுகத்தை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது. வழக்கமாக நான் சொல்ல ஜெயரூபினி எழுதுவாள், இந்த முறை பிள்ளைக்குச் சொல்லக் கூச்சமாக இருப்பதால் நானே எழுதுகிறேன், ஐந்தாம் வகுப்புக்காரனின் எழுத்து, நண்டு நடந்ததுபோல்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

போன கிழமை எங்கள் பங்குச் சுவாமி வவுனியாவிலிருந்து வந்தபோது உன் வீடியோ கசெற்றைக் கொண்டுவந்து தந்தார். பெட்டிக்குள் வேறு என்ன இருக்கிறதென்று பார்க்கிற புத்தி எனக்கு வரவில்லை. போன வருடம் வந்த கசெற்றில் நீ அந்தக் கம்பிக்கூட்டுக்குள் ஒரு வெள்ளைக்காரனின் காலைக் கரைவலைக் கயிறு மாதிரி இழுத்து விழுத்தி, ஒரு நிமிடத்துக்குள் அலுவலை முடித்தாயல்லவா, அந்த நினைப்பிலேயே கடைக்கார அப்புத்துரையிடம் ஓடி ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் கேட்டு எடுத்து, நாலு வீட்டு விளக்கு மண்ணெண்ணெயை வடித்து ஊற்றி, பின்னேரம் மூன்று மணிக்கு மீன் வாடியைச் சுற்றிப் படங்கு கட்டி இருட்டாக்கி, ஊரையே கூப்பிட்டேன். என்னோடு வலை இழுக்கிற செபமாலை முன்னுக்குக் குந்திக்கொண்டு, சம்பியன்ர அப்பாவுக்குக் கதிரை போடுங்கோடா எண்டு கத்தினான். நானும் போய் இருந்தேன், ராசா மாதிரி.

கூட்டுக்குள் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருக்கும் மொட்டை, இரண்டு பேரும் எங்கள் நிறம், படமும் மழை பெய்வதுபோல் கோடு கோடாக ஓடியது. ஒருவனுக்குச் சிவப்புக் களிசான், மற்றவனுக்குக் கறுப்பு. போன முறை நீ சிவப்பில் வந்தபடியால் சனம் சிவப்பைப் பார்த்து விசிலடித்தது. மகன், எனக்கு அந்த நிமிடமே தெரியும். உன் சிவப்புக் களிசான் அந்த நேரம் என் இடுப்பில் இருந்தது. அதுவும் போக, கறுப்புக் களிசான் போட்டவன் கூட்டுக்குள் கால் வைக்கமுதல் சிலுவை போட்டு விரலை உதட்டில் வைத்துக் கொஞ்சினான், தோணி தள்ளமுதல் நீ செய்வதுபோலவே. தெரிந்தும் கதிரையிலேயே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் உன் கை இறங்கிவிட்டது, அவன் உன்னை விழுத்தி மேலே ஏறி இருந்து குத்தினான். செபமாலை திரும்பி, அண்ணை, அந்தக் கறுப்புக் களிசானை எங்கயோ பாத்த மாதிரிக் கிடக்கு, ஆரது எண்டு கேட்டான். நான் அறியன், ஆரோ ஒருத்தன் எண்டு சொன்னேன். சனம் கைதட்டியது, நானும் கைதட்டினேன். உன் முகத்தில் அவன் குத்தக் குத்த உன் அப்பா கதிரையில் இருந்து கைதட்டினேன் றொமேஸ். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா பாதியிலேயே எழும்பிப் போய்விட்டா. வீட்டுக்கு வந்தால், இராயப்பர் யேசுவை அறியன் எண்டு மூண்டுதரம் மறுதலிச்சவர், நீங்கள் ஒண்டோட நிப்பாட்டினது பெரிய காரியம் எண்டு சொன்னா. அதற்குப் பிறகுதான் ஜெயரூபினி கசெற் பெட்டியின் மட்டைக்குள் மடித்து வைத்த உன் கடிதத்தைக் கண்டெடுத்து வாசித்தாள். அப்பா இதைத் தனியப் பாருங்கோ, இது நான் தொடர்ந்து தோத்த நாலாவது, சம்பியன் பட்டி எப்பவோ கைவிட்டுப் போட்டுது, வலது கண்ணில நிழல் விழுகுது, டொக்டர் இனி வேண்டாம் எண்டுறார், மார்கழியில இன்னொண்டுக்குக் கேக்கினம், நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன் என்று எழுதியிருந்தாய். நாலு தோல்வியையும் ஏன் ஒளித்தாய் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஊரே பாத்துக்கொண்டிருக்குது விடாதை, விடாதை என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவித்தவன் நான்தானே. பதினொரு சண்டை நீ வென்றாய், சம்பியனின் அப்பா என்று சங்கக்கடைச் சீனி வரிசையில் முன்னுக்குப் போனது நான். உன் கண்ணைக் கொடுத்து நான் சீனி வாங்கியிருக்கிறேன்.

அதனால் கேள், நிப்பாட்டு மகன். மார்கழிக்கு வரமாட்டேன் என்று இந்தக் கடிதம் கண்ட அன்றே அவர்களுக்குச் சொல்லிவிடு. முதலில் கண்ணைப் பார், பிறகு வேலையைப் பார். தோற்றது வெட்கமில்லை, அந்தக் கதிரையில் இருந்ததுதான் வெட்கம், அது என்னுடையது, நீ தூக்காதே. நாளைக்குப் பூசை முடிய எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லப்போகிறேன், அம்மாவுக்கும் சொல்லவில்லை. பட்டியோடு நீ நிற்கிற படம் அந்தோனியாருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அப்படியே இருக்கும். மாதா உன் இரண்டு கண்ணையும் காக்கட்டும், அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். கண்ணுக்கு மருந்து விட மறக்காதே, டொக்டர் சொன்னதை ஒளிக்காமல் எழுது.

உன்னை அறிந்த அப்பா,
ம. கிறிஸ்தோப்பர்

திங்கள் காலை. சுவாமி நாளைக்குத்தான் வவுனியா போகிறார், ஆகையால் நேற்று நடந்ததையும் எழுதுகிறேன். பூசை முடிந்து சனம் கலையமுதல் பூசைக்குக் குந்துகிற பின் மரவாங்கில் ஏறி நின்று, கறுப்புக் களிசான் போட்டவன்தான் என்ர மகன், அண்டைக்கு நான் பொய் சொன்னனான் எண்டு சொன்னேன். செபமாலை, சும்மா இருங்கோ அண்ணை, உங்கட மோன் சிவப்பெல்லோ, நாங்கள் கண்ணால கண்டனாங்கள் எண்டான். விளக்கம் சொல்ல ஒரு அடி முன்னுக்கு வைத்தேன், வாங்கின் கால் முறிந்தது. நான் முகம் குப்புற விழுந்தேன், வேட்டி வாங்கின் ஆணியில் மாட்டிக்கொண்டு மேலேயே நின்றுவிட்டது. உள்ளுக்குப் போட்டிருந்த சிவப்புக் களிசானின் பின்பக்கத்தில் இருந்த உன் பெயரைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. வாங்குக்குக் கால் போட்டுத் தரும்படி சுவாமி சொல்லியிருக்கிறார், பலகை தேடுகிறேன்.