தண்ணீர் வற்றியபோது பிடித்த ஆறு பாட்டில்

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது, இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், நீ சுகம் என்பதை எங்கள் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் திரையில் உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நீ உன் யுனிவர்சிட்டியில் இருந்தபடியே நம் வளைகுடாத் தண்ணீரின் கம்ப்யூட்டர் மாடலைக் காட்டினாயே, அப்போது நான் கடைசியில் நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். பத்தொன்பது வருஷமாகப் படகில் போய் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து லேபில் கொடுப்பவள் நான், ஒருநாளும் என்னை உட்காரச் சொல்லாத ஆபீசர் உனக்குக் கை தட்டினார், உங்க பொண்ணு ஒரு நிமிஷத்துல கடலையே கொண்டுவந்துட்டா, நீங்க இன்னும் பாட்டிலைத் தூக்கிட்டுத் திரியறீங்களேன்னு என்னிடமே சிரித்தார். வயிறு எரிந்தது. பெற்றவளுக்கு எரியலாமா என்று கேட்காதே, எரிந்தது. நீ நன்றி சொன்ன பட்டியலில் ஆபீசர் இருந்தார், உன் பேராசிரியை இருந்தார், தண்ணீர் பிடித்தவள் இல்லை.

அப்புறம் சாயப்பட்டறைக் கால்வாய் கடலில் சேரும் இடத்தைப் பச்சையாகக் காட்டி, பச்சை என்றால் சுத்தம் என்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் அது தப்பு. தண்ணீர் வற்றினால் அங்கே படகு சேற்றில் தட்டும், அதனால் கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மட்டும்தான் எங்களை அனுப்புவார்கள், கடல்நீர் கலந்து நீர்த்துப்போனதைத்தான் இத்தனை வருஷமும் பிடித்திருக்கிறேன். உனக்கு அனுப்பிய டேட்டா தாளில் தேதி இருக்கும், நேரத்துக்குக் கட்டமே கிடையாது. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, நானும், நீ படட்டும் என்று வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் உன் பச்சையைக் காட்டித்தான் பட்டறை முதலாளி இரண்டாவது கழிவுக் குழாய்க்கு அனுமதி கேட்கிறான். அவன் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் குளிக்கிறார்கள், இங்கே சிப்பி பொறுக்குகிற பெண்கள் முட்டிவரை அந்தச் சேற்றில் நிற்கிறார்கள், கால் முழுக்கப் புண், அவர்களை எந்த மாடலிலும் காணோம். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வற்றிய நேரத்தில் நானே அவர்களோடு இறங்கி ஆறு பாட்டில் பிடித்தேன். லேப்காரப் பெண் தூக்கிப் பார்த்துவிட்டு, அக்கா இது தண்ணியா மையா என்றாள். ஆறில் ஒன்றில்கூட மீன் மூச்சுவிடுகிற அளவு ஆக்சிஜன் இல்லை. எண்களை நேரத்தோடு பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அனுமதிக் கூட்டம் இருபதாம் தேதி. அதற்குள் கணக்கை மறுபடி போட்டு, முன்பு காட்டியது தப்பு என்று உன் வாயால் சொல். மாதிரி எடுத்தவர் என்று என் பெயரைப் போடு, முழுப் பெயர், உன் பெயர் இருக்கிற அதே எழுத்து அளவில்.

நோய்நொடி இல்லாமல் இரு, வேளைக்குச் சாப்பிடு, உன் புத்திக்கு ஒரு குறையும் வராது. தேதியை மறக்காதே. நீ சொல்லாவிட்டால் கூட்டத்தில் நானே எழுந்து சொல்வேன், மகள் என்று பார்க்கமாட்டேன். உண்மையில் எனக்கு அதில் கொஞ்சம் ஆசையும் இருக்கிறது, அதனால் நீயே முந்திக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்