நேர்ச்சை என்று சொல்லிவிட்ட நடை

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். நடை முடிந்தது. ஜங்ஷன் ரோடு பக்கம் போகவில்லை, அங்கே ஒதுங்க இடம் கிடையாது. மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் முள்செடி இருக்கிறது. நான் எந்தத் தெருவில் நடப்பது என்று மூத்திரம் முடிவு செய்கிறது. நல்ல பிழைப்பு.

காலை ஓட்ஸ், வேகவைத்த தக்காளி. மதியம் கீரை, மோர். டீ ஒன்றே ஒன்று. கறி கிடையாது, பரோட்டா கிடையாது.

தவக்காலம் வந்தது வசதியாகப் போயிற்று. கறி ஏன் வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. நடைக்குத்தான் பிலோமினா காரணம் கேட்டாள். கட்டின பெண்டாட்டியிடம் எனக்குப் பொய் வராது. அன்றைக்கு வந்தது. "நேர்ச்சைம்மா. ஸ்டெல்லாவுக்கு ஒரு கொழந்த பொறக்கணும்னு." அவள் கண் கலங்கிவிட்டது. மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், வயிறு திறக்கவில்லை. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

உண்மை இங்கே மட்டும்: புராஸ்டேட். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு அதிகம். டாக்டர் விரல் விட்டுப் பார்த்தார், ஒரு பக்கம் கெட்டியாக இருக்கிறதாம். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் தவணை கேட்டேன். குருத்து ஞாயிறு வரைக்கும் நடக்கிறேன், வாயைக் கட்டுகிறேன், மறுபடி ரத்தம் பாருங்கள் என்று. ஆண்டவரே, இறங்கிவிட வேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. விடிந்ததும் ரத்தம் கொடுத்துவிட்டு கம்பெனிக்குப் போனேன். சூளையில் இருந்து பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இறக்கினோம். பாதி கீறல். முதலாளி கத்தினார். என் காதில் ஏறவில்லை.

கூட வேலை செய்யும் ராஜமாணிக்கம் மட்டும் கவனித்திருக்கிறான். "அண்ணே, இன்னாண்ணே பாத்ரூமே வூடாப் போச்சு ஒங்களுக்கு?" சர்க்கரை என்று சொன்னேன். இப்போது ஊரெல்லாம் எனக்குச் சர்க்கரை. இருக்கட்டும், மரியாதையான வியாதி.

ஒன்று எழுதியே ஆக வேண்டும். நடக்க ஆரம்பித்த பிறகு இரவில் எழுந்திருப்பது குறைந்திருக்கிறது. பேன்ட் இடுப்பில் லூஸ். மூச்சு வாங்குவதில்லை. இதெல்லாம் நல்ல அறிகுறிதானே? யாரைக் கேட்பது?

ஏப்ரல் 16, புதன்

ஏறியிருக்கிறது. இறங்கவில்லை. ஏறியிருக்கிறது.

டாக்டர் முன்னால் அழுதுவிட்டேன். வெட்கக்கேடு. "நடந்தனே டாக்டர். வாயக் கட்னனே. உப்புச் சப்பில்லாம துன்னனே."

அவர் கோபப்படவில்லை. "நடங்க, வுட்றாதீங்க. எடைக்கு நல்லது, இருதயத்துக்கு நல்லது, ராத்திரி எழுந்திரிக்கிறதுக்குக் கூட நல்லது. நாளைக்கு எந்த வைத்தியம் வந்தாலும் தாங்கறதுக்கு ஒடம்பு வேணுமில்ல? ஆனா உள்ள இருக்கறது இன்னான்னு நடந்து கண்டுபிடிக்க முடியாதுங்க."

அடுத்த வாரம் வியாழன், பாண்டிச்சேரியில் பயாப்ஸி. வீட்டில் இருந்து ஒருவரைக் கூட்டி வரணுமாம். யாரை? என்ன சொல்லிக் கூட்டிப் போவது?

போகவில்லை என்றால் என்ன? இன்னும் வேகமாக நடந்தால்? மோரையும் விட்டால்?

சாயங்காலமும் நடந்தேன். பைத்தியக்காரன் மாதிரி நடந்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

தெருவழியாகச் சிலுவைப்பாதை. வருஷா வருஷம் சிலுவை தூக்குகிறவர்களில் நானும் ஒருவன். காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. அப்படியும் பாதி வழியில் முட்டிக்கொண்டு வந்தது. தோளில் சிலுவை, முன்னும் பின்னும் சனம், பாட்டு. எங்கே ஒதுங்க? ஜெபம் சொல்ல நிற்கும் அடுத்த நிலை வந்ததும் முட்டி போட்டார்கள். நானும் போட்டேன். அவ்வளவுதான். வேட்டி நனைந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு பையில் தண்ணீர் பாட்டில் தெரிந்தது. பிடுங்கித் தலையில் ஊற்றிக்கொண்டேன். முழுவதும். மார்பு, மடி எல்லாம் ஈரம். "வெயில் தாங்கல, மயக்கம்" என்றேன். சிலுவையை வேறு ஆள் வாங்கிக்கொண்டார்.

பிலோமினா முந்தானையால் என் முகம் துடைத்து அழுகிறாள். சுற்றி நின்ற பெண்களிடம், "மவளுக்காக இப்படி ஒடம்ப வருத்திக்கிறாருங்க" என்கிறாள். ஒருத்தி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஸ்டெல்லா வந்தாள். மாப்பிள்ளைக்கு டூட்டி, வரவில்லை. மட்டன் குழம்பு, வடை. பிலோமினா என் இலையில் அள்ளி வைத்தாள். "ஆண்டவர் உயிர்த்துட்டாரு, இன்னும் என்னங்க?" சாப்பிட்டேன். இனி என்ன இருக்கிறது கட்டிக் காக்க?

மகள் எனக்கு ஷூ வாங்கி வந்திருக்கிறாள். செருப்பு போட்டு நடக்கிறேன் என்று அம்மா சொன்னாளாம். அவளே குனிந்து மாட்டிவிட்டாள். லேஸ் கட்டிக்கொண்டே சொன்னாள்: "ஊசி வலி தாங்காமதான்பா கொழந்தைக்குப் பாத்த ட்ரீட்மென்ட்ட வுட்டுட்டேன். ஒங்க யாருக்கும் சொல்லல. நீங்க எனக்காக இவ்ளோ பண்றீங்க. நேத்து அவர்கிட்ட சொல்லிட்டேன், மறுபடி போறேன்னு."

 

நான் ஒரே ஒரு ஊசிக்குப் பயந்து ஊரைச் சுற்றுகிறேன். என் பொய்யை நம்பி இவள் அத்தனை ஊசிக்கும் போகப் போகிறாள்.

ஏப்ரல் 21, திங்கள்

மூட்டம். காற்று இல்லை. ஸ்டெல்லாவும் நடக்க வந்தாள். வழியெல்லாம் பேச்சு. ஆற்றோரம் வந்ததும் நான் ஒதுங்கினேன். திரும்பினேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒதுங்கினேன். நின்று நின்று சொட்டுச் சொட்டாக. அவள் அந்தப் பக்கம் பார்த்தபடி காத்திருந்தாள்.

"சர்க்கரையாப்பா?"

இல்லை என்றேன். அதோடு எல்லாம் வந்துவிட்டது. புராஸ்டேட், வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை வேட்டி. "ஒனக்காக ஒருநாளும் நடக்கலம்மா. எனக்காகத்தான். சாவ பயம். நீ எனக்காவ அந்த ஊசியெல்லாம் போட்டுக்காத."

மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அடிப்பாளோ என்று இருந்தது. அடித்திருந்தால் தேவலை.

பிறகு நிமிர்ந்து கேட்டாள். "எனக்கு ஊசி போட்டப்பெல்லாம் நீங்க ஒரு தடவ வந்தீங்களா?"

இல்லை. ஒரு தடவை கூட இல்லை.

"வெளிய பெஞ்சுல எல்லாருக்கும் அப்பாவோ அம்மாவோ ஒக்காந்திருப்பாங்கப்பா. வியாழக்கெழம நான் ஒக்காந்திருக்கேன். ஊசி போட்டுக்கிறதும் வேணாங்கிறதும் நான் பாத்துக்கிறேன், அத நீங்க சொல்ல வேணாம். மொதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

இப்போது மணி பத்து. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். பிலோமினா உள்ளே நேற்றைய குழம்பைச் சுட வைக்கிறாள். ஸ்டெல்லா வாசலில் நின்று என்னையே பார்க்கிறாள்.

பிலோமினா கூப்பிடுகிறாள். போகிறேன்.