சட்டப்படி ஒரு ஸ்டூல்

மார்ச் 3

காலையில் போட்ட செருப்பு சாயங்காலம் காலில் ஏற மறுக்கிறது. “இது காலா, தூணா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். துணிக்கடையில் துண்டு, போர்வைப் பிரிவில் நாளெல்லாம் நிற்கிறவளுக்கு அது பாராட்டுதான். கல்லாக்காரர் உட்காரலாம், வாசல் காவலாளி உட்காரலாம். பெண்கள் நின்றால்தான் கடைக்கு லட்சணமாம், மேனேஜர் சொல்கிறார். என்னை லட்சணம் என்று சொன்ன ஒரே ஆள்.

மார்ச் 6

என் பிரிவில் இருக்கும் சின்னவளுக்கு ஐந்தாம் மாதம். தொளதொள சட்டையில் மறைத்து வந்தாள். இன்று தலைசுற்றி, போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் பார்த்துவிட்டார். இந்த மாதத்தோடு நின்றுகொள், வீட்டிலேயே வசதியாக உட்காரலாம் என்றாராம். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

“எனக்காக ஒரு வார்த்தை கேளுங்கக்கா.”

கேட்கிறேன் என்றேன். மேனேஜர் அறை வாசல்வரை வீராங்கனையாகத்தான் போனேன். என்ன என்று நிமிர்ந்து பார்த்தார். ஸ்டேப்ளர் பின் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 7

சீ, நானெல்லாம் ஒரு அக்கா.

மார்ச் 12

நாளை தொழிலாளர் துறை அதிகாரி வருகிறார். கிடங்கிலிருந்து ஸ்டூல்கள் இறங்கின, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம்! ஒத்திகை வேறு. உட்கார வேண்டும், சிரிக்க வேண்டும், கேட்டால் தினமும் இப்படித்தான் என்று சொல்ல வேண்டும். சின்னவள் மட்டும் கண்ணில் படாமல் கிடங்கில் இருக்க வேண்டும்.

மார்ச் 13

எழுதவே வெட்கமாக இருக்கிறது. வரிசையாக, லட்சணமாக உட்கார்ந்திருந்தோம். அந்த அதிகாரி அம்மா எங்கள் பக்கம் திரும்பியதும் என் கால் தானாக எழுந்துவிட்டது. “வாங்கம்மா, துண்டு பாக்குறீங்களா, போர்வையா?” வாயும் கூடவே ஓடிவிட்டது. என்னைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். ஸ்டூல் ஒன்று உருண்டது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த அம்மா ஸ்டூலை நிமிர்த்தி வைத்தார். “தினமும் இதுல உக்காருவீங்களா?”

ஒத்திகை வசனம் நாக்கு நுனியில்தான் இருந்தது. எங்கே இவரிடமும் ஸ்டேப்ளர் பின் கேட்டுவிடுவேனோ என்று பயம்.

“இல்லைங்க. உக்காந்த பொண்ணை வேலைய விட்டு நிக்கச் சொல்லிட்டாங்க. மாசமா இருக்கா. பின்னாடி கிடங்குல இருக்கா.”

சொன்னது நானா? குரல் என்னுடையது மாதிரிதான் இருந்தது.

மார்ச் 14

வேலை போனால் போகட்டும் — ஐயோ, போகட்டுமா?

மார்ச் 20

போகவில்லை. சின்னவளை நிறுத்தக் கூடாது, பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும், ஸ்டூல்கள் கடையிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. “உன்னை வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்” என்றார் மேனேஜர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடையில் எனக்கு இப்போது தைரியசாலி என்று பெயர். கால் செய்த வேலை என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

கூட்டமில்லை. சின்னவளும் நானும் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தோம். மேனேஜர் வந்தார். என் முட்டி வழக்கம்போல எழப் பார்த்தது. சின்னவள் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“உக்காருங்கக்கா.”

அவர் எங்களைத் தாண்டிப் போனார். நான் அடுத்த துண்டை எடுத்தேன்.

சாயங்காலம் செருப்பு பேசாமல் காலில் ஏறிக்கொண்டது.