சத்தம் போடும் ரீல்

அன்புள்ள பட்டாணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். அப்பாவின் தூண்டிலுக்கு, நரம்பைச் சுற்றியெடுக்கும் புது ரீல் வாங்கியாகிவிட்டது. விலையைப் பார்க்காமல் நல்லதாக வாங்கு என்றாய். நான் கடையிலேயே மலிவானதை வாங்கினேன். அம்மாவின் கஞ்சத்தனம் போகவில்லை என்று சிரிக்காதே. பழைய ரீல் எப்படி உடைந்தது என்று தெரிந்தால் உனக்குச் சிரிப்பு வராது.

ஏரிக்கரையில் வழுக்கி விழுந்ததில் உடைந்தது என்று அப்பா உன்னிடம் சொன்னார். வழுக்கவில்லை. மயங்கி விழுந்தார். ரீல் அடியில், அவர் மேலே, முகம் தண்ணீரில். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த தொப்பிக்காரர் ஓடிவந்து தூக்கியதால் பிழைத்தார். இதயத் துடிப்பு சில சமயம் தாளம் தப்புகிறதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மறுபடி மயக்கம் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். இனி பஸ் ஓட்டக் கூடாது, தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகக் கூடாது. டிப்போவில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவே இல்லை. ஏரிப் பேச்சை எடுத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

"ஸ்டியரிங்கத்தான் பிடுங்கிட்டாங்க. தூண்டிலையும் பிடுங்கிடாதே."

கூட வருகிறேன் என்றாலும் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அவர் நோயாளி ஆகிவிடுவாராம்.

அந்த ஏரி உனக்குத் தெரியும். பூங்காக்காரர்கள் மீனை வளர்த்து விடுகிறார்கள், சீட்டு வாங்கியவர்கள் பிடிக்கிறார்கள். கடைக்காரர் நல்ல மனிதர், விலை கூடினதை நம் தலையில் கட்டப் பார்க்கவில்லை. வளர்த்து விட்ட மீன் கையகலத்துக்கு மேல் இருக்காது, சின்ன ரீலும் மெல்லிய நரம்பும் போதும் என்றார். உள்ளே இத்தனை பேரிங் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், மீன் இழுக்கும்போது நரம்பைத் திக்காமல் விட்டுக்கொடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். அப்பா ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துச் சுற்றினார். கருநீலத்தில் ஒன்று இருந்தது. சுற்றுகிறதா இல்லையா என்றே தெரியாது, அத்தனை அமைதி. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

நான் கீழ்த்தட்டில் கிடந்ததை எடுத்துச் சுற்றினேன். டக்டக்டக் என்று கடை முழுக்கக் கேட்டது. இதுதான் வேண்டும் என்றேன். மாவு மில்லை வாங்கித் தருகிறாயா, மீனெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடும் என்று அப்பா கிண்டல் செய்தார். குடும்பம் நடத்துகிறவள் நான், இந்த விலைதான் கட்டுப்படியாகும் என்று வாயை அடைத்தேன்.

காரணம் உனக்குப் புரிந்திருக்கும். ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. என் சர்க்கரைக்கு நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போகிறேன். கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்ச். அங்கே உட்கார்ந்தால் அவரைப் பார்க்க முடியாது, ரீல் சத்தம் கேட்கும். பொடி மீன்கள் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போவதால் அடிக்கடி சுற்றியெடுத்துப் பார்ப்பார். டக்டக் என்று கேட்டால் எனக்கு மூச்சு வரும். அடுத்த டக்டக் வரைக்கும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருப்பேன்.

போன வாரம் ஒரு நாள் சத்தமே வரவில்லை. மீன் வரவில்லை போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். பிறகு முடியவில்லை. செருப்பு ஒரு பக்கம் கழன்று போக ஓடினேன். ஸ்டூலில் கல்லுக்குண்டு போல உட்கார்ந்திருக்கிறார் உன் அப்பா! என்னைப் பார்த்ததும் ரீலைத் தூக்கிக் காட்டினார். முந்தின நாள் அதைக் கழற்றி உள்ளே கிரீஸ் வைத்திருக்கிறார். வண்டியில் ஒரு நட்டு ஆடினாலே பொறுக்காத மனிதர், நான் அதை யோசிக்கவே இல்லை. சத்தம் போயே போச்சு பார் என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம் வேறு.

சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், பட்டாணி. பெஞ்ச், சர்க்கரை, மாவு மில், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரில் ஆடிய மிதவையையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. என் பயம் பாதியாகும் என்று நினைத்தேன். இரண்டு மடங்காகிவிட்டது.

மறுநாள் பால்கனியில் மண்ணெண்ணெய் வாடை. கிரீஸை எல்லாம் கழுவியெடுத்துவிட்டிருந்தார். அன்றிலிருந்து ரீல் பழையபடி சத்தம் போடுகிறது. முன்பைவிட அடிக்கடி. அப்பா வெறும் வாளியோடுதான் வீட்டுக்கு வருகிறார். ரீல் சரியில்லையோ என்று நினைத்திருந்தேன். நேற்று தொப்பிக்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "இரையைப் போட்ட உடனே சுத்தி எடுத்துடறாரும்மா. இப்படிச் சுத்திட்டே இருந்தா மீன் எப்பக் கடிக்கும்?"

எனக்காகச் சுற்றுகிறார். பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சத்தம் நின்றால் நான் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகும் என்ற நினைப்பு சாப்பிடும்போதும் விடுவதில்லை, துணி மடிக்கும்போதும் விடுவதில்லை.

லீவு கிடைக்காது, மாப்பிள்ளைக்கும் வேலை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், ஒரு தடவை வந்துவிட்டுப் போ. சின்ன வயதில் மண்புழு டப்பாவோடு அவர் பின்னால் ஓடியவள் நீ. நீ பக்கத்தில் உட்கார்ந்தால் காவல் என்று நினைக்க மாட்டார். நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே.

இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். வரும்போது அந்தக் கருநீல ரீலை நீயே வாங்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடு. நீ பக்கத்தில் இருக்கும் நாட்களிலாவது சத்தமில்லாமல் மீன் பிடிக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
அம்மா